எட்டாம் நாளும் பவுலோட சண்டையும்

ஜனவரி 1 ராத்திரி ஆராதனைக்கு நம்ம சர்ச்சுங்க எல்லாம் நிரம்பி வழியும், வாக்குத்தத்த வசன அட்டை எடுக்க லைன்ல நிப்போம், வெளிய வெடி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆனா அந்த தேதிக்கு சர்ச் காலண்டர்ல ஒரு பழைய பேர் இருக்கு, அதை பிரசங்க பீடத்துல நின்னு சொல்ல அனேகமா எந்த ஐயரும் ஆசைப்பட மாட்டாரு. இயேசுவோட விருத்தசேதனப் பண்டிகை, அதாவது ஆண் குழந்தையோட நுனித்தோலை வெட்டற சடங்கு அவருக்கு நடந்த நாள். டிசம்பர் 25ஐ மொத நாளா வெச்சு எண்ணிப் பாருங்க, எட்டாவது நாள் ஜனவரி 1தான் வரும். லூக்கா ரெண்டாம் அதிகாரம் 21ஆம் வசனத்துல, குழந்தைக்கு விருத்தசேதனம் பண்ண வேண்டிய எட்டாம் நாள்ல இயேசுன்னு பேர் வெச்சாங்கன்னு ஒத்த வரியில முடிச்சிருப்பாரு. அந்த ஒத்த வரிக்குத்தான் இவ்வளவு நூற்றாண்டா ஒரு பண்டிகை. கத்தோலிக்க சபை 1960ல அந்தப் பேரை எடுத்துட்டு, 1969ல வந்த புது காலண்டர்ல அந்த நாளை மரியாளுக்குக் குடுத்துட்டாங்க. ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் காலண்டர்கள்ல இன்னும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு. நாமதான் நைசா கேக்கும் வசன அட்டையும் வெச்சு அந்த இடத்தை நிரப்பிட்டோம்.

பைபிள்ல இவ்வளவு தடவை வர்ற இன்னொரு விஷயத்தை இவ்வளவு வேகமா தாண்டிப் போற வழக்கம் நம்மகிட்ட இல்ல. சண்டே கிளாஸ்ல "டீச்சர், விருத்தசேதனம்னா என்ன?"ன்னு எவனாவது கேட்டா "அது யூதருங்க பண்ற ஒரு சடங்கு, நீ அடுத்த வசனம் வாசி"ன்னு டீச்சர் மழுப்புவாங்க, பின்னாடி பெஞ்சுல அர்த்தம் தெரிஞ்ச ரெண்டு பேர் சிரிப்பானுங்க, அவ்வளவுதான். பெரியவனானதும் இது அந்தக் காலத்து சுத்தம், சுகாதாரம் சம்பந்தப்பட்டதுன்னு யாராவது சொல்லுவாங்க, நாமளும் சரின்னு விட்டுடுவோம். எனக்கு என்னமோ இந்த சுகாதார விளக்கம் ஒட்டவே இல்ல, ஏன்னா ஆதியாகமம் 17ஐ உக்காந்து வாசிச்சா அதுல சுகாதாரத்துக்கு ஒரு வரிகூட கிடையாது.

அங்க இருக்கறது ஒரு உடன்படிக்கை. ஆபிராமுக்கு வயசு 99, பேரு ஆபிரகாம்னு மாறுது, உன் சந்ததி பெருகும், இந்த தேசம் உனக்குன்னு கடவுள் சொல்றாரு, பதிலுக்கு இதுக்கு அடையாளமா உங்க நுனித்தோல் மாம்சத்தை வெட்டிக்கங்கன்னு சொல்றாரு. வீட்ல பிறந்தவன், காசு குடுத்து வாங்கின அடிமை, எல்லா ஆம்பளையும். பண்ணிக்காதவன் ஜனத்துல இருந்து அறுப்புண்டு போவான். (வெட்டிக்காதவனை வெட்டி எடுத்துருவாங்கங்கற அந்த வார்த்தை விளையாட்டு சும்மா வந்த மாதிரி எனக்குத் தோணல.) அன்னிக்கே 99 வயசு ஆபிரகாமும் அவரோட 13 வயசு மகன் இஸ்மவேலும் பண்ணிக்கறாங்க. பெறவு அடுத்த மகன் ஈசாக்குக்கு, பிறந்து எட்டாம் நாள்.

ஆனா இஸ்ரவேல் கண்டுபிடிச்ச பழக்கம் இல்ல இது. எகிப்துல சக்காராவுல அங்க்மஹோர்னு ஒரு அதிகாரியோட கல்லறை இருக்கு, ஆறாம் ராஜவம்சத்துக் காலம், நாலாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அதோட சுவத்துல நிக்கற ஒரு இளைஞனுக்கு முன்னாடி ஒருத்தர் குத்த வெச்சு உக்காந்து இதைப் பண்ற சிற்பம் இருக்கு, பையன் ஆடாம இருக்க பின்னாடி ஒருத்தர் கையைப் பிடிச்சிருக்காரு. எரேமியாவே 9ஆம் அதிகாரத்துல எகிப்து, யூதா, ஏதோம், அம்மோன், மோவாப்னு எல்லாரையும் ஒரே பட்டியல்ல போட்டுட்டு, இஸ்ரவேல் வீட்டாருக்கு இருதயத்துல விருத்தசேதனம் இல்லன்னு திட்டுறாரு. அப்போ பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் பண்றதையே எடுத்து, வளர்ந்த பையனுக்குப் பண்றதை எட்டு நாள் குழந்தைக்குன்னு மாத்தி, அதுக்கு உடன்படிக்கைன்னு அர்த்தம் குடுத்ததுதான் இஸ்ரவேல் செஞ்ச வேலை. வாலிபப் பையனுக்குப் பண்ணா அது வீரம், வலி தாங்கறது, ஆம்பளையாகறது. எட்டு நாள் குழந்தைக்கு என்ன வீரம் இருக்கு? அவன் தூங்கிட்டிருக்கான். அவன் எதுவும் சாதிக்கல, நம்பல, ஒத்துக்கல, ஆனாலும் உள்ள வந்துட்டான். என்னைப் பொறுத்தவரை யூத சமயத்துல இந்தச் சடங்கோட முழு அர்த்தமும் அங்கதான் உக்காந்திருக்கு.

இன்னிக்கும் பிரித் மிலாங்கற அந்தச் சடங்கு நடக்கற விதத்தைப் பாத்தா இது புரியும். பகல்லதான் நடக்கும், பெரும்பாலும் காலைல. குழந்தையை அம்மாகிட்ட இருந்து வாங்கி கை மாத்தி கை மாத்தி உள்ள கொண்டு வருவாங்க, வந்ததும் கூடியிருக்கறவங்க எல்லாரும் எழுந்து நின்னு "வருகிறவன் ஆசீர்வதிக்கப்பட்டவன்"னு எபிரேயத்துல சொல்லுவாங்க, யாரை, எட்டு நாள் குழந்தையை. அங்க யாரும் உக்காராத ஒரு நாற்காலி போட்டிருக்கும், அது எலியாவோடது. எலியா ஓரேப் மலையில நின்னு "இஸ்ரவேல் புத்திரர் உம்ம உடன்படிக்கையைத் தள்ளிட்டாங்க, நான் ஒருத்தன்தான் மிச்சம்"னு பொலம்பினாரு இல்லையா, அதுக்கு ரப்பிகள் (யூத வேத போதகர்கள்) வெச்ச தண்டனை மாதிரி ஒரு கதை உண்டு: அப்படியா, இனி எங்க எந்தக் குழந்தைக்கு இது நடந்தாலும் நீயே நேர்ல வந்து சாட்சி நில்லு. எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது. குறை சொன்ன தீர்க்கதரிசிக்கு காலம் பூரா விசேஷ வீட்டு டியூட்டி.

அந்த நாற்காலில ஒரு நிமிஷம் குழந்தையை வெச்சுட்டு, பெறவு சாந்தேக்னு சொல்றவரோட மடியில வைப்பாங்க. பெரும்பாலும் தாத்தாவா இருப்பாரு, இல்லன்னா குடும்பம் மதிக்கற ஒருத்தர், நம்ம ஊர்ல காது குத்துறப்ப தாய்மாமன் மடிக்கு என்ன மரியாதையோ அந்த மரியாதை. வெட்டறவர் மோகேல், அதுக்குன்னே பயிற்சி எடுத்தவர். சட்டப்படி கடமை அப்பாவோடதுதான், மோகேல் அவருக்குப் பதிலா பண்றாரு. அப்பா ஒரு ஆசீர்வாதம் சொல்வாரு, நம்ம தகப்பனாகிய ஆபிரகாமோட உடன்படிக்கைக்குள்ள இவனைக் கொண்டு வர்றதுக்காகன்னு. கூட்டம் பதில் சொல்லும்: உடன்படிக்கைக்குள்ள வந்த மாதிரியே வேதத்துக்குள்ளயும், கல்யாணப் பந்தலுக்குள்ளயும், நல்ல காரியங்களுக்குள்ளயும் இவன் வரட்டும். அதுக்கப்புறம்தான் குழந்தையோட பேரை சத்தமா சொல்லுவாங்க, எசேக்கியேல்ல இருந்து உன் இரத்தத்திலே பிழைத்திருங்கற வரியைச் சொல்லி நாக்குல ஒரு சொட்டு திராட்சரசம் வைப்பாங்க, அவன் அழுதுக்கிட்டே சப்புவான், எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க. மொத்தம் சில நிமிஷம்தான்.

எட்டாம் நாள் ஓய்வுநாள்ல விழுந்தாலும் தள்ளிப்போட மாட்டாங்க. ஓய்வுநாள்ல நெருப்பு பத்த வைக்கக்கூட கூடாதுங்கற மதத்துல இது ரொம்பப் பெரிய விஷயம், யோவான் 7ல இயேசுவே இதை எடுத்துக்காட்டா சொல்லித்தான் வாதாடுறாரு. ஆனா குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா கறாரா நிறுத்திருவாங்க, குணமாகற வரைக்கும் கிடையாது. ரப்பிகளோட சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத்ல இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு: ஒரு அம்மாவோட ரெண்டு பிள்ளைங்க இந்தச் சடங்குல செத்துப் போயிருந்தா மூணாவது பிள்ளைக்குப் பண்ணக்கூடாது. மூணு பேர் வரை பாக்கணும்னு சொன்ன ரப்பியும் உண்டு, அந்த வாதமும் அங்கயே பதிவாகியிருக்கு. ரத்தம் உறையாத நோய் அம்மா வழியா வரும்னு மருத்துவம் கண்டுபிடிக்க இன்னும் ஆயிரத்துக்கு மேல வருஷம் இருக்கறப்பவே, அக்காதங்கச்சிங்களோட பிள்ளைங்க வரைக்கும் சேத்து யோசிச்சிருக்காங்க. சட்டம் சட்டம்னு யூதரை நாம பிரசங்கத்துல நக்கலா சொல்றப்ப இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல.

பொம்பளைங்க எங்கன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பைபிள்ல இந்தச் சடங்கைப் பண்ணதா வர்ற ஒரு வினோதமான காட்சியில கத்தி பிடிச்சது ஒரு பொம்பளைதான், யாத்திராகமம் 4ல மோசேயோட மனைவி சிப்போராள். வழியில தங்கற இடத்துல கர்த்தர் மோசேயைக் கொல்லப் பாக்கறாரு (ஏன்னு காரணமே சொல்லல, மூணே வசனம்), இவ கருக்கான ஒரு கல்லை எடுத்து மகனோட நுனித்தோலை அறுத்து எறிஞ்சுட்டு "நீர் எனக்கு இரத்தசம்பந்தமான புருஷன்"ங்கறா, மோசே உயிர் தப்பறாரு. ஒரு பொம்பளை இதைப் பண்ணலாமான்னு ரப்பிகள் சண்டை போட்டப்ப சிப்போராள் பேரு உள்ள வந்துச்சு. ஆனா பெண் குழந்தைக்கு அடையாளம் எதுவும் கிடையாது, இப்போ பல யூதக் குடும்பங்கள்ல பெண் குழந்தைக்கும் பேர் வைக்கற விழான்னு ஒண்ணு புதுசா பண்றாங்க. ரெண்டாம் நூற்றாண்டுல ஜஸ்டின்ங்கற கிறிஸ்தவர், பொம்பளைங்களால இதைப் பண்ணிக்க முடியாது, அப்போ இது வெறும் அடையாளம்தான், நீதிமானாகறதுக்கான வழி இல்லன்னு இதையே வாதமா எடுத்தாரு. வாதம் நல்ல வாதம். அவரு சபையில பொம்பளைங்களுக்கு எவ்வளவு இடம் குடுத்தாங்கங்கறது தனிக் கதை.

காரணம் என்னன்னு யூதர்களே ஒரே பதில் சொல்லல. பன்னெண்டாம் நூற்றாண்டுல மைமோனிடிஸ், அவரு டாக்டரும்கூட, இது இச்சையைக் குறைக்கத்தான்னு பட்டுனு சொல்லிட்டாரு, கூடவே ஒரே நம்பிக்கை உள்ளவங்க ஒருத்தரையொருத்தர் அடையாளம் கண்டுக்க ஒரு பொது முத்திரைன்னும் சொன்னாரு. எனக்கு அதைவிட ரப்பி அகீவா கதைதான் பிடிக்கும். ரோமானிய ஆளுநர் ஒருத்தர் அவர்கிட்ட வந்து யாரோட வேலை அழகு, கடவுளோடதா மனுஷனோடதான்னு கேக்கறாரு. கடவுளோடதுன்னு சொன்னா, அப்போ அவரு படைச்சதை ஏன் வெட்டறீங்கன்னு மடக்கலாம்னு பிளான். அகீவா யோசிக்காம மனுஷனோடதுன்னு சொல்லிட்டு, ஒரு பக்கம் கோதுமைக் கதிரையும் இன்னொரு பக்கம் சுட்ட பலகாரத்தையும் கொண்டு வந்து வைக்கறாரு. எது அழகு? உலகம் முடிக்காம குடுக்கப்பட்டிருக்கு, மிச்சம் நம்ம கையிலன்னு அர்த்தம்.

அந்த ரோமானியன் கேள்வி சும்மா வாய்ச்சண்டை இல்ல. கிமு 167ல, ரோமருக்கு முன்னாடி அங்க ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோக்கஸ் எப்பிஃபானஸ் இதைத் தடை பண்ணப்ப, பிள்ளைக்குப் பண்ண அம்மாக்களைக் கொன்னு, குழந்தைகளை அவங்க கழுத்துல தொங்க விட்டாங்கன்னு மக்கபேயர் முதல் புத்தகத்துல இருக்கு. அதே அதிகாரத்துல, எருசலேம்ல கிரேக்க பாணியில உடற்பயிற்சிக் கூடம் கட்டிட்டு, விருத்தசேதனத்தை அழிச்சுக்கிட்ட யூதர்களைப் பத்தியும் வருது. கிரேக்கருங்க விளையாட்டுல அம்மணமா ஓடுவாங்க, எல்லாம் தெரிஞ்சிரும், அந்த வெக்கத்துக்கு ஆபரேஷன். கிபி 132ல யூதர் மத்தியில வெடிச்ச பார் கோக்பா கலகத்துக்கும் ரோமப் பேரரசர் ஹாத்ரியனோட தடைதான் காரணம்னு ஒரு பழைய ரோமானிய நூல் சொல்லுது. அவருக்கு அப்புறம் வந்த அந்தோனினஸ் பயஸ், யூதருங்க அவங்க சொந்த மகன்களுக்கு மட்டும் பண்ணிக்கலாம்னு விட்டாரு. ஒரு சின்னத் தோலுக்காக உயிரைக் குடுத்த தலைமுறைகளுக்கு அப்புறம் அது சின்ன விஷயமா இருக்க முடியாது.

இந்தப் பின்னணியோட பவுல்கிட்ட வாங்க. மக்கபேயர் காலத்து ரத்தம் ஊறின அடையாளத்தை ஒருத்தர், அதுவும் எட்டாம் நாள்ல விருத்தசேதனம் ஆனவன்னு பிலிப்பியர்ல தானே பெருமையா சொல்லிக்கற ஒரு பரிசேயர் (சட்டத்தைக் கறாரா கடைப்பிடிச்ச யூதப் பிரிவு), புறஜாதிக்காரனுக்கு, அதாவது யூதன் இல்லாதவனுக்கு, இது வேண்டாம்னு சொல்றாரு. சண்டை எங்க வெடிச்சுது? சாப்பாட்டுப் பந்தியில. அந்தியோகியாவுல பேதுரு விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாரோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்காரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்ட இருந்து ஆளுங்க வந்ததும் மெதுவா எழுந்து ஒதுங்கிர்றாரு, பவுல் எல்லாருக்கும் முன்னாடி முகத்துக்கு நேரா எதிர்க்கறாரு. நம்ம ஊர்ல யார் யாரோட உக்காந்து சாப்பிடறதுங்கறதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்ச யாருக்கும் கலாத்தியர் 2க்கு விளக்கவுரை தேவையில்ல. அப்போஸ்தலர் 15ல எருசலேம்ல கூடிப் பேசி, புறஜாதியாருக்கு விருத்தசேதனம் கட்டாயமில்ல, விக்கிரகத்துக்குப் படைச்சது, இரத்தம், நெரிச்சுக் கொன்னது, வேசித்தனம் இதையெல்லாம் தவிர்த்தா போதும்னு முடிவாகுது.

ஆனா அடுத்த அதிகாரத்துலயே பவுல் தன் உதவியாளன் தீமோத்தேயுவுக்குப் பண்ணி வைக்கறாரு! அவன் அம்மா யூத ஸ்திரீ. இன்னொரு உதவியாளன் தீத்து கிரேக்கன், அவனுக்கு மட்டும் கூடாதுன்னு பிடிவாதம். இதை இரட்டை வேஷம்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படித் தெரியல. யூதன் யூதனா இருக்கட்டும், கிரேக்கன் கிரேக்கனா இருந்துக்கிட்டே உள்ள வரட்டும், அதான் அவரு லைன். கொரிந்தியருக்கும் அதையேதான் எழுதறாரு, அழைக்கப்பட்டப்ப எப்படி இருந்தியோ அப்படியே இரு. கலாத்தியாவுல போய் இதைக் கட்டாயமாக்கினவங்க மேல வந்த கோவத்துல, அவங்க முழுசாவே வெட்டிக்கட்டும்ங்கற ரேஞ்சுக்கு 5ஆம் அதிகாரத்துல எழுதியிருக்காரு, தமிழ் பைபிள்ல அது கொஞ்சம் நாசூக்கா தறிப்புண்டு போனா நல்லாருக்கும்ங்கற மாதிரி போயிரும். கடைசில "விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுமில்லை"ன்னு ரெண்டையும் சேத்துத்தான் தள்ளறாரு, நாம மேடையில மொத பாதியை மட்டும் சொல்லுவோம்.

இன்னொரு பொய்யும் நம்மகிட்ட ஓடிக்கிட்டிருக்கு. யூதருக்கு மாம்சத்துல, நமக்கு இருதயத்துலன்னு. இருதய விருத்தசேதனம் பவுல் கண்டுபிடிச்சது இல்லங்க, உபாகமம் 10லயும் 30லயும் இருக்கு, எரேமியா 4ல இருக்கு. மோசே தன் உதட்டையே விருத்தசேதனமில்லாததுன்னு சொல்லிக்கறாரு, லேவியராகமத்துல புதுசா நட்ட மரத்தோட பழத்தைக்கூட மூணு வருஷத்துக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு. உள்ளயும் வெளியவும் ரெண்டும் அவங்க வீட்டுச் சொத்து. பவுல் செஞ்ச புதுசு வேற, ரோமர் 4ல இருக்கு, அது தேதியை வெச்சு போட்ட வாதம். ஆபிரகாம் விசுவாசிச்சு நீதிமானா எண்ணப்பட்டது ஆதியாகமம் 15ல, விருத்தசேதனம் 17ல. நடுவுல இஸ்மவேல் பிறந்து 13 வயசாயிருச்சு. அப்போ அவரு நீதிமானானப்ப என்னவா இருந்தாரு? விருத்தசேதனமில்லாதவர். ஆகவே அவரு ரெண்டு கூட்டத்துக்கும் தகப்பன்.

அருமையான வாதம், ஆனா பாருங்க, பவுல் ஆபிரகாமைப் பிடிச்சுக்கிட்டாரு. மொதல்ல நம்பினாரு, அப்புறம் அடையாளம். யூத சமயம் ஈசாக்கைப் பிடிச்சுக்கிச்சு. மொதல்ல அடையாளம், நம்பறது எல்லாம் அவன் வளர்ந்து பாத்துக்குவான். ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க, ஒரே புத்தகம், நாலு அதிகார வித்தியாசம். ரெண்டு மதத்துக்கும் நடுவுல இருக்கற இந்தத் தகராறை நான் புரிஞ்சுக்கறது இப்படித்தான்.

இதை எனக்கு யாரும் இறையியல் கல்லூரில சொல்லித்தரல, எங்க வீட்டு ஞானஸ்நான விருந்துலதான் கேட்டேன். எங்க சித்தப்பா சிஎஸ்ஐ விட்டு, குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்காத பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவரு. பேரப்பிள்ளை தலையில தண்ணி தெளிச்சு முடிச்சு எல்லாரும் பிரியாணிக்கு உக்காந்தப்ப ஆரம்பிச்சாரு. "அண்ணே, பச்சப்புள்ளைக்கு என்ன விசுவாசம் இருக்கு, இப்படி பண்றீங்க?" பெரியப்பா எலும்பைக் கடிச்சுக்கிட்டே சொன்னாரு, "ஈசாக்குக்கு எட்டாம் நாள்ல என்னலே விசுவாசம் இருந்துச்சு?" "அது பழைய ஏற்பாடுண்ணே." "கொலோசெயர் ரெண்டை எடுத்து வாசில." பெறவு ரெண்டு பேரும் சத்தம் போட ஆரம்பிச்சு சித்திதான் வந்து தயிர்ப்பச்சடி வெச்சு நிப்பாட்டினாங்க.

பெரியப்பா சொன்ன கொலோசெயர் 2, கையால் செய்யப்படாத விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒரே மூச்சுல சொல்ற இடம். குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதரவா இன்னிவரை ஓடற வாதம் அதுலதான் நிக்குது. கிபி 250கள்லயே வட ஆப்பிரிக்காவுல ஃபிடஸ்னு ஒரு பிஷப், விருத்தசேதனம் மாதிரியே ஞானஸ்நானத்துக்கும் எட்டாம் நாள் வரைக்கும் காத்திருக்கணும்னு எழுத, கார்த்தேஜ் பிஷப் சிப்ரியானும் கூடியிருந்த 66 பிஷப்புகளும் வேண்டாம், உடனே குடுக்கலாம்னு பதில் எழுதியிருக்காங்க. அந்த இடத்துல தண்ணி வந்து உக்காந்துருச்சு, பெண் குழந்தைக்கும் சேத்து. வாதத்துல யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா, பெரியப்பா ஈசாக்கு பக்கம், சித்தப்பா ஆபிரகாம் பக்கம், நான் பிரியாணி பக்கம்.

கிறிஸ்தவம் இதை ஒரேயடியா விட்டுருச்சுன்னும் சொல்ல முடியாது. எகிப்து காப்டிக் கிறிஸ்தவங்க பண்றாங்க, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ்காரங்களும் பண்றாங்க. 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுக்கல் ஜெசூட்டுங்க நீங்க யூதராட்டம் நடக்கறீங்கன்னு குத்தம் சொன்னப்ப எத்தியோப்பிய ராஜா கலாவ்தேவோஸ் பதில் எழுதினாரு: நாங்க யூதரா இதைப் பண்ணல, பவுல் சொன்னது எங்களுக்கும் தெரியும், இது எங்க நாட்டு வழக்கம். ஆனா ஐரோப்பாவுக்கு அந்தப் பெருந்தன்மை இல்ல. 1442ல ஃபிளாரன்ஸ் சங்கம், விருத்தசேதனத்துல நம்பிக்கை வெச்சாலும் சரி வெக்காட்டியும் சரி, அதைப் பண்றவனுக்கு இரட்சிப்பே கிடையாதுன்னு எழுதி வெச்சுது. இதுல வேடிக்கை, அதே ஐரோப்பாவுல இயேசுவோட நுனித்தோல் எங்ககிட்டதான் இருக்குன்னு பல ஊர் கோயில்கள் போட்டி போட்டுச்சு. ரோம் பக்கத்துல கல்கட்டாங்கற ஊர்ல இருந்தது 1983ல திருடு போயிருச்சு, அதோட அதை வெச்சு நடந்த ஊர்வலமும் நின்னுச்சு.

இப்போ இந்தச் சண்டை கோர்ட்ல நடக்குது. 2012ல ஜெர்மனியில கொலோன் கோர்ட், நாலு வயசு முஸ்லிம் பையன் ஒருத்தனோட கேஸ்ல, மதத்துக்காக இதைப் பண்றது உடல் காயப்படுத்தற குற்றம்னு தீர்ப்பு சொல்லுச்சு (டாக்டரை விடுதலை பண்ணிட்டாங்க, சட்டம் தெளிவா இல்லங்கறதால). பையன் வளர்ந்து அவனே முடிவு பண்ணட்டும்ங்கறது வாதம். யூதரும் முஸ்லிமும் ஒண்ணா எதிர்த்தாங்க, அதே வருஷம் டிசம்பர்ல பார்லிமென்ட் சட்டம் போட்டு அனுமதிச்சுது, முதல் ஆறு மாசத்துக்குள்ளன்னா டாக்டரா இல்லாத, பயிற்சி எடுத்த மோகேலும் பண்ணலாம். ஜெர்மனி யூதர்கிட்ட இதைத் தடை பண்றோம்னு சொல்ற தைரியம் எந்தக் கட்சிக்கும் லேசுல வராது, ஏன்னு சொல்லத் தேவையில்ல. எனக்கு அந்தக் கோர்ட்டோட கேள்வி தப்பாவும் தெரியல, குழந்தை உடம்பு குழந்தையோடதுதான். ஆனா எட்டாம் நாளை பதினெட்டாம் வயசுக்குத் தள்ளிட்டா அது வேற சடங்கு, ஆபிரகாமோடது, ஈசாக்கோடது இல்ல, அதை யூதர்கிட்ட சின்ன அட்ஜஸ்ட்மென்ட் மாதிரி கேக்க முடியாது. இந்த கேஸைப் பத்தி சித்தப்பாகிட்ட போன்ல சொன்னேன். "அதத்தானடா நானும் அன்னைக்கு சொன்னேன், புள்ளைகிட்ட கேக்கணும்லா"ன்னாரு, "பெரியப்பாட்ட போன குடு"ன்னாரு.